இரண்டரை மணிக்கு ஒரு மிஸ்டுகால்

ஆயக்குடியில் விடியற்காலை நாலரை மணிக்கு விழித்திருப்பவர்கள் பெரிய கூட்டம். கொய்யாத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், பறித்த காயைப் பெட்டி கட்டிச் சந்தைக்கு ஏற்றுகிறவர்கள், பால் கறக்கிறவர்கள், சனி ஞாயிறென்றால் இலவசப் பயிற்சி மையத்துக்கு வெளியூரிலிருந்து பஸ் ஏறும் டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள், தை மாதமென்றால் பழனிக்கு நடந்து போகும் பக்தர்கள். இந்த ஊரில் அந்நேரத்தில் தூங்குவதற்கே தனித் திறமை வேண்டும். ஆண்டவர் அதை எனக்குத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் போன லெந்து நாட்களில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பாடம் நடத்தச் சொன்னார்கள். ஒன்று ஆவிக்குரிய ஒழுக்கம். இன்னொன்று சாட்சி பகர்தல். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. "டீச்சர் நல்லாப் பேசுவாங்க" என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அது போதும் என்று சங்கத்தில் நினைத்தார்கள். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான நான் ஓய்வுபெறும் வரை கணக்குத்தான் நடத்தினேன் என்பதால், எனக்கும் கூச்சமில்லை.

பாடத்துக்கு நன்றாகவே தயாரித்தேன். ரிச்சர்ட் ஃபாஸ்டர் என்ற குவாக்கர் 1978-இல் எழுதிய புத்தகத்தில் ஆவிக்குரிய ஒழுக்கங்கள் பன்னிரண்டு என்று வகுத்திருக்கிறார். தியானம், ஜெபம், உபவாசம், வேத ஆராய்ச்சி என்று தொடங்கி எளிமை, தனிமை, கீழ்ப்படிதல், ஊழியம் வழியாகக் கடைசியில் கொண்டாட்டத்தில் முடியும் பட்டியல். கடைசி ஒன்றில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண். நடுவில் பாவ அறிக்கையும் இருக்கிறது. ஆக, இதை எழுதி முடித்தால் பன்னிரண்டில் இரண்டாவது தேறும்.

அப்புறம் மொரேவியர்கள். ஜெர்மனியில் சாக்சனிப் பக்கம் ஹெர்ன்ஹூட் என்ற சின்ன ஊர். அங்கே அடைக்கலம் புகுந்திருந்த மொரேவியச் சபையார் 1727-இல் மணிக்கணக்கை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு இரவும் பகலும் விடாமல் ஜெபிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் அறுபடவில்லை. அதே ஊரிலிருந்துதான் 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்று அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். இன்றைக்கும் அது வருகிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் சூரிய உதயத்தோடும் ரோஜாப்பூவோடும் வந்து விழும் காலை வசனத்துக்கு மூதாதை யாரென்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். துபாயிலிருக்கும் என் சித்தி மகள் தினமும் ஐந்து மணிக்கு அனுப்புவாள். நான் எட்டு மணிக்குப் பார்த்து, கூப்பிய கை படம் ஒன்றைப் பதிலாகப் போடுவேன். அன்றைய தியானம் அதோடு முடிந்தது.

ஹெர்ன்ஹூட்டைப் பற்றி நான் அவ்வளவு உருக்கமாகப் பேசியதற்குக் காரணம் உண்டு. எங்கள் சபையிலும் ஒரு சங்கிலி இருந்தது. அதை அறுத்தது நான்.

ஜனவரியில் புது வருஷச் சங்கிலி ஜெபம் வைப்பார்கள். ஒரு நாளை அரைமணித் துண்டுகளாக வெட்டி நாற்பத்தெட்டுப் பேருக்குப் பங்கு போடுவார்கள். கோயிலுக்கு வர வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம். நம் அரைமணி முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டுகால். அவ்வளவுதான் விதி. முந்தின மாதம் ஜெபக்குறிப்பு கேட்டபோது, 'இரவில் தூக்கம் வருவதில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். என் வயதில் எல்லோரும் எழுதுவதுதான். பட்டியல் தயாரித்த செயலாளர் அதைக் கருத்தாகப் படித்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு ஒதுக்கியது இரவு இரண்டரையிலிருந்து மூன்று.

இரண்டரைக்கு மிஸ்டுகால் வந்தது. எழுந்து, முகம் கழுவி, கட்டிலோரம் முழங்கால் போட்டேன். தேசத்துக்காக ஜெபித்தேன், ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தேன், மழைக்காக ஜெபித்தேன். மிஷனரிகளிடம் வந்தபோது மெத்தையின் விளிம்பு நெற்றிக்குச் சரியான உயரத்தில் இருப்பதைக் கவனித்தேன். கொஞ்சம் சாய்ந்தேன்.

"அரோகரா!" என்று ஒரு பெரிய சத்தம். விழித்தால் மணி நாலேமுக்கால். கால் இரண்டும் மரத்துப்போய் யாருடையதோ மாதிரி கிடந்தன. கன்னத்தில் மெத்தை விரிப்பின் தையல் வரிவரியாகப் பதிந்திருந்தது. வெளியே காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த நடைக்கூட்டம், கம்பில் ஒட்டிய பட்டைகள் மினுங்க, வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தது. குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பும் நகரத்தார் இந்தத் தைப்பூச நடையைப் பல தலைமுறையாக விடாமல் நடக்கிறார்கள். கொப்புளம் வெடித்த காலோடு ஒரு பாட்டி, பக்கத்தில் வருகிறவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு போனார். நான் என் மரத்த காலைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன்.

கெத்செமனேயில் சீஷர்கள் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள் என்று சொல்லி எங்கள் ஆட்கள் மனதைத் தேற்றிக்கொள்வது வழக்கம். ஆனால் அவர்களை எழுப்பக் கிறிஸ்துவே திரும்பத் திரும்ப வந்தார். என்னை எழுப்ப முருக பக்தர்கள் வர வேண்டியிருந்தது.

எனக்கு அடுத்த முறை எங்கள் சபையின் மூத்த பாட்டியுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உன் போன் வரவேயில்லையே. தூங்கிட்டியா?"

"ஆமா பாட்டி... அசந்துட்டேன்."

"சரி விடு. மூணு அடிச்சதும் நானே ஆரம்பிச்சுட்டேன். உனக்குந்தான் ஜெபிச்சேன். தூக்கம் வரலைன்னு எழுதியிருந்தியே, நல்லாத் தூங்கட்டும் ஆண்டவரேன்னு."

என் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் பலித்த ஜெபம் வேறில்லை.

இவ்வளவும் நடந்து சில வாரம் கழித்துத்தான் அந்தப் பாடம். ஜான் வெஸ்லி காலை நாலு மணிக்கே எழுந்து ஜெபிப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண் ஒருத்தி, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவள், "நீங்க எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க டீச்சர்?" என்று கேட்டாள். பாட்டி முதல் வரிசையில் இருந்தார். "வெஸ்லி காலத்துல கரண்ட் ஏதும்மா, இருட்டினா படுத்துடுவாங்க" என்று பேச்சைத் திருப்பினேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

வேத வாசிப்புக்கு வருவோம். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். தினமும் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்பது எங்கள் வீடுகளில் சின்ன வயதிலேயே சொல்லித்தரும் கணக்கு. கணக்கு டீச்சரான என்னிடம் இதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி ஆரம்பிப்பேன். ஆதியாகமத்தில் எனக்குத் தெரியாத ஒட்டகம் இல்லை. யாத்திராகமத்தில் செங்கடல் வரை உற்சாகம்; அதன்பின் ஆசரிப்புக் கூடாரத்துக்கு மரப்பலகை அளக்கும்போதே மூச்சு வாங்கும். லேவியராகமம் பதினாலாம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்தால் ஆசாரியன் வந்து பார்த்து ஏழு நாள் வீட்டை அடைத்துவைக்க வேண்டும் என்று வருகிறது. ஒரு வருஷம் அதை வாசித்த கையோடு நிமிர்ந்து எங்கள் சமையலறைச் சுவரைப் பார்த்தேன். ஓதம் ஏறியிருந்தது. உடனே பெயின்டருக்குப் போன் போட்டேன். சுவர் சுத்தமாகிவிட்டது. எண்ணாகமத்துக்கு அந்த வருஷமும் போய்ச் சேரவில்லை.

உபவாசம் இன்னும் மோசம். ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, புலால் விட்டு, ஒரு வேளைச் சோறும் காய்கறியுமாகவே காலம் தள்ளினார். இத்தாலியப் பிரபு வீட்டுப் பிள்ளை. ஆயக்குடிக்காரியான எனக்கு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு வரை தாங்காது. தாங்காததை வெளியே காட்டிக்கொள்ளவும் கூடாது. முகவாட்டத்தோடு உபவாசம் இருக்கிறவர்களை மலைப்பிரசங்கம் கண்டித்திருக்கிறது. ஆகவே பவுடர் போட்டுக்கொண்டு பளிச்சென்று இருப்பேன். 'இன்றைக்கு உபவாசம், ஆனால் நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை' என்று நாலு பேரிடம் சொல்லியும் விடுவேன். கொய்யா வாங்கும்போது ருசி பார்க்கக் கொடுக்கும் துண்டு கணக்கில் சேராது என்பது நானே எழுதிக்கொண்ட சட்டம். அந்தத் துண்டை விரலால் தட்டிவிட்டு, "கண்ணு, இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்று நினைவுபடுத்துகிறவர் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்து மேட்டு வீட்டு அக்கா. செவ்வாய், சஷ்டி, கிருத்திகை என்று மாதத்தில் பாதி நாள் அவரே ஏதாவது ஒரு விரதத்தில் இருப்பார். அந்தப் பாதியோடு என் வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்.

பிடியரிசியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழு அறிக்கையாகாது. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டின்னில் போட்டுவைத்து, மாதாமாதம் கோயிலுக்குக் கொண்டுபோவது எங்கள் பெண்களின் பழக்கம். மிசோரத்துப் பெண்கள் 1910-லிருந்து இப்படிச் சேர்த்த கைப்பிடி அரிசியில்தான் அந்தச் சபையின் ஊழியங்கள் வளர்ந்தன. என் பிடியரிசி டின்னின் வரலாறு வேறு. திடீர் விருந்தாளி வந்தால் அதிலிருந்து கடன் எடுப்பேன். திருப்பிப் போடும்போது ரேஷன் அரிசியாகப் போடுவேன். நாங்கள் சாப்பிடுவது பொன்னி. ஆண்டவருக்கு அரிசி வித்தியாசம் தெரியாது என்று நான் நினைத்ததாக யாரும் கருத வேண்டாம். கோயிலில் ஏலம் எடுப்பவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

கொடைக்கானலில் ஒரு முறை தியான முகாம் போட்டார்கள். அந்த மலைக்கு 1845-இல் முதன்முதலாக வீடு கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். கீழே காய்ச்சலிலும் காலராவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு உயிர் பிழைக்க மேலே ஏறினார்கள். வரதமாநதி அணையைத் தாண்டி வளைவு வளைவாக பஸ் ஏறும்போது இதையெல்லாம் நான்தான் மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தேன். முகாமின் விதி: காலை உணவு வரை யாரும் பேசக்கூடாது. எனக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் மலைப்பூண்டு கிலோ என்ன விலை என்பதில் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. கிசுகிசுத்தால் பேச்சில்லை என்று அவர் வாதாடினார். நானும் கிசுகிசுத்து ஒப்புக்கொண்டேன். மத்தியானம் ஊர் சுற்றிப் பார்க்கப் போனபோது குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கமும் வண்டி நின்றது. அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி மலை தெரியும். அந்தக் கோயிலை 1936-இல் கட்டியவர் லீலாவதி ராமநாதன்; ஆஸ்திரேலியாவில் பிறந்து, யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் ராமநாதனைக் கல்யாணம் செய்து சைவரானவர். கடல் தாண்டி வந்து சேர்ந்த நம்பிக்கைக்காக மலைமேல் கோயிலே கட்டியிருக்கிறார் ஒரு பெண். பரம்பரை பரம்பரையாக எனக்கு வந்த நம்பிக்கை எங்கள் காம்பவுண்டுச் சுவரைக்கூடத் தாண்டவில்லை.

இரண்டாவது பாடம் அதைப் பற்றியதுதானே. சாட்சி பகர்தல். அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை என் நாக்கு ஒரு தடவைகூட உருப்படியாகப் பயன்படுத்தியதில்லை. 'அந்நிய மதம்' என்று யாராவது சொன்னால் சொல்வதற்கு நல்ல பதில் ஒன்று வைத்திருக்கிறேன்: ஆயக்குடிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கொய்யாவும், நாம் அரைக்கிற மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் வந்தவைதான் என்று. யாரும் அப்படிக் கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டனா சிக்கனா என்றுதான் கேட்கிறார்கள்.

கைப்பிரதிக் கட்டு ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கும். திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் இன்று கொடுத்தே தீர்வது என்று முடிவு செய்தேன். அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்பு என்பவர், எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தோடு கூடவே ஓடிப்போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். நான் ஓட வேண்டியதுகூட இல்லை. ரதத்திலேயே சீட் கிடைத்துவிட்டது. ஜிப்பைத் திறந்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, மகன் குடிப்பதையும், மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதையும், மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வருவதையும் சொல்ல ஆரம்பித்தார். சத்திரப்பட்டி போனது, ஒட்டன்சத்திரம் போனது, பேச்சு நிற்கவில்லை. நான் "ம்" கொட்டினேன். இறங்கும்போது, "உங்ககிட்டச் சொன்னதும் மனசு லேசாயிடுச்சும்மா" என்றார். ஜிப்பை மூடினேன். அந்தக் கைப்பிரதிகளின் பின்பக்கம் காலியாக இருப்பதால் இப்போது மளிகைச் சாமான் எழுத வசதியாக இருக்கிறது.

இனி மேட்டு வீட்டு அக்கா விஷயம். இதை நான் சங்கத்துப் பாடத்தில் சொல்லவில்லை.

அக்காவின் பேரன் குரூப் நாலு எழுதினான். ஊர்ப் பயிற்சி மையத்தில் தரையில் உட்கார்ந்து படித்த பையன். பரீட்சைக்கு முன்னால் அக்கா வந்து, "எங்க ஆண்டவன்கிட்டச் சொல்லியாச்சு. நீயும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை கண்ணு" என்றார். அக்காவின் மூத்த பெண் பிறந்தது ஒட்டன்சத்திரத்தில், டாக்டர் தாரியன் முதலியோர் 1955-இல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரியில். ஜெபம் அவருக்கு அந்த வார்டிலேயே பழக்கமானது. "கண்டிப்பா ஜெபிக்கிறேன்க்கா" என்றேன். கிறிஸ்தவ நாக்கு அதிகமாகச் சொல்கிற பொய் எது என்று கணக்கெடுத்தால் இந்த வாக்கியத்துக்குத்தான் முதலிடம் கிடைக்கும். அன்று ராத்திரி மறந்தேன். பரீட்சை அன்றும் மறந்தேன். அதன்பின் அப்படியொரு வேண்டுதல் இருந்ததே நினைவில் இல்லை.

பையன் பாஸ். அக்கா மலைக்குப் போய் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தார். கையில் பஞ்சாமிர்த டப்பா. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். மலை வாழையும் சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலமும். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து சபையில் பெரிய சண்டையே நடந்து, பவுல் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அதெல்லாம் எனக்கு இரண்டாவது கரண்டியில்தான் ஞாபகம் வந்தது.

"எங்க கணக்கை முடிச்சுட்டேன். உங்க சாமிக்கு என்ன செய்யணும், சொல்லு" என்றார் அக்கா.

ஜெபிக்கவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் பஞ்சாமிர்தம் இருந்தது. "ஒண்ணும் வேண்டாம்க்கா. எங்க சாமி பதிலுக்கு எதுவும் கேட்க மாட்டாரு. சும்மாவே கொடுப்பாரு" என்றேன். யோசித்துப் பார்த்தால், கிருபை என்கிற உபதேசத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொன்னது குட்டு வெளிப்படக்கூடாது என்பதற்காக.

அக்கா சும்மா விடவில்லை. "ஒண்ணுமே கேட்காத சாமியா? அப்ப நீ எதுக்கு வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்குற?"

ஃபாஸ்டரும் வெஸ்லியும் மொரேவியர்களும் வரிசையாக மனதில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். போதகரிடம் அடுத்த நாள் கேட்டேன். அன்பினால் செய்வது வேறு, கடனுக்குச் செய்வது வேறு என்று அருமையாக முக்கால் மணி நேரம் விளக்கினார். அவர் விளக்கியதை அக்காவிடம் சொல்லலாம் என்றால், தைப்பூச நாட்களில் எந்தக் கடனும் இல்லாமல் ராத்திரி முழுக்க நடைப்பக்தர்களுக்குச் சுக்குக் காப்பி ஊற்றியது அக்காதான். நான் கட்டில் ஓரத்தில் குறட்டை விட்டவள்.

பதிலுக்கு ஒன்றும் வேண்டாம் என்றதை அக்கா கேட்கவுமில்லை. ஒரு படி அரிசி கொண்டுவந்து, "அந்த டின்னுல போடு, என் பங்கா இருக்கட்டும்" என்று அவரே கவிழ்த்துவிட்டார். நல்ல பழைய பொன்னி. அடியில் என் ரேஷன் அரிசி, மேலே அக்காவின் பொன்னி என்று அந்த மாதம் டின் கோயிலுக்குப் போயிற்று. சங்கச் செயலாளர் கையில் அள்ளிப் பார்த்து, "டீச்சர், அரிசி முத்துமுத்தா இருக்கே" என்றார். "ஸ்தோத்திரம்" என்றேன்.

இந்த ஜனவரிப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. எனக்கு மறுபடியும் அதே இரண்டரை மணி. எனக்கு மாலை ஆறு மணி கொடுத்தால்கூடப் போதும் என்று சொல்லப் போனேன். பாட்டி பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை. அக்காவிடம் புலம்பினேன்.

"அந்நேரம் நான் வாசல்ல அடுப்புக்கிட்டத்தானே இருப்பேன். ஜன்னலைத் தட்டி எழுப்பி விடுறேன். மூணு அடிக்கிற வரைக்கும் அப்பப்ப தட்டுறேன்" என்றார். போகிறவர் திரும்பி நின்று, "எழுப்பி விடுறது நான்னா, அந்த ஜெபத்துல எனக்கும் பங்கு உண்டா? உங்க ஐயாவைக் கேட்டுச் சொல்லு" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.